ஒன்பதாம் எண் வீட்டுக் காவல்

செப்டம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் கறுத்துவிட்டது. பதினொரு மணிக்கு அதே தெருவில் இருக்கும் கின்கா ஓடி வந்தாள். ஜாடி மூடி வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பும் இரண்டு மணி நேரத்துக்குள் அவள் வீட்டுக் கதவைப் பெயர்த்துத் திருடர்கள் உள்ளே புகுந்திருக்கிறார்கள். செப்பு அண்டா, டிவி, இறந்துபோன கணவரின் மோதிரம். பட்டப்பகலில். இந்தக் கோடையில் நம் தெருவில் இது மூன்றாவது வீடு. முதல் இரண்டும் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகள். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். சுட்ட மிளகாய் இரண்டு சாப்பிட்டார். "நாப்பது ஊருக்கு நாங்க ரெண்டே பேர்மா. நீங்களே சேர்ந்து கொஞ்சம் கண்ணு வச்சுக்குங்க" என்றார்.

செப்டம்பர் 11

என் சமையலறையில் பதினொரு பேர். அறுபது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. டிராக்டர் மெக்கானிக்காக இருந்த வர்பான்தான் அதிகம் பேசினார். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, இருவர் இருவராக. ரொட்டி வண்டி நிற்கும் இடத்துப் பெஞ்சில் உட்கார வேண்டும். கழுத்தில் விசில். யார் வந்தார், யார் போனார், எந்த வண்டி என்று நோட்டில் எழுத வேண்டும்.

நோட்டு என் பொறுப்பு. முப்பத்தொரு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவள், கையெழுத்து முத்து மாதிரி என்றார் வர்பான். அலுவலகத்தை மூடிய பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்டு வந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 14

பெஞ்சுக்கு நேர் எதிரே ஒன்பதாம் எண் வீடு. ஸ்டோய்னா கிழவியுடையது. அவள் மகன் லச்செசர் வசந்த காலத்தில்தான் சிறையிலிருந்து வந்தான். ரயில் பாதையில் செப்புக் கம்பி வெட்டியதற்கு நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் சிறை முத்திரை போட்ட அவன் கடிதங்களை நான்தான் கிழவியிடம் கொடுத்தேன். வரிசையில் நிற்பவர்கள் பார்க்காமலிருக்க, முத்திரையைக் கீழ்ப்பக்கமாக வைத்து நீட்டுவேன்.

இன்று அவன் பெஞ்சுக்கு வந்து தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். மதியத்தில் வேலை ஒன்றும் இல்லையாம், உட்காருவானாம்.

"நீ வேணாம் தம்பி. நாங்க இங்க உக்காந்திருக்கிறதே உனக்காகத்தான்" என்றார் வர்பான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்தான். நானும்.

செப்டம்பர் 27

நோட்டைப் புரட்டினேன். ஆறு பக்கத்தில் நான்கு பக்கம் லச்செசர்தான். "8.40 வெளியே போனான். பை இல்லை." "10.15 திரும்பினான். பை உண்டு." பையில் என்ன என்று வர்பான் ஒருநாள் திறந்து காட்டச் சொன்னார். காட்டினான். வெங்காயம், கிழவிக்கு மாத்திரை.

அவனைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நோட்டு என்னுடையதுதானே.

அக்டோபர் 2

லச்செசருக்கு மர அறுவை ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது நாளாகப் போகிறான். வர்பான் ஆலைக்காரரிடம் போய் ஏதோ சொல்லியிருக்கிறார். ஆலைக்காரர் இன்று எனக்கு போன் செய்தார். தெருக் காவலை நடத்துவது நீங்கள்தானாமே, ஆள் எப்படி என்றார்.

எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றேன்.

பொய்யா அது? அவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லையே. நல்லவன் என்றும் சொல்லவில்லை. சின்னப் பையனாகக் கிழவிக்குச் சுள்ளி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாளிலிருந்து அவனைத் தெரியும் எனக்கு.

அக்டோபர் 4

வேலை போய்விட்டது அவனுக்கு.

அக்டோபர் 13, ஞாயிறு

லச்செசர் காலை பஸ்ஸில் தலைநகருக்குப் போய்விட்டான். கட்டட வேலை, அங்கேயே தங்க வேண்டுமாம். போகும் முன் என் வேலிக் கதவருகே வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"எங்க வீட்டைத்தான் தினமும் பாத்துக்கிட்டு இருக்கீங்க அத்தை. அப்படியே அம்மாவையும் ஒரு பார்வை பாத்துக்குங்க. கால் சரியில்ல அவளுக்கு. போன் எடுத்தாலும் காது கேக்காது."

குத்திக்காட்டினானா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

அக்டோபர் 20

சொன்ன சொல்லுக்காக மொச்சைச் சூப் கொண்டுபோனேன். கிழவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். வாசல்படியில் நின்று, என் கண்ணெதிரிலேயே கோழிகளுக்குக் கொட்டினாள்.

"எம் புள்ளைய ஊரை விட்டு ஓட்டிட்டு எனக்கு சூப்பு கொண்டு வர்றியா? உன் நோட்டுல எழுதிக்க, போ."

பெஞ்சிலிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆத்திரம்தான். இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். வேணும்னா அவளா வந்து கேக்கட்டும்.

நவம்பர் 7

திருடர்கள் பிடிபட்டார்கள். எண்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர். அண்ணன் தம்பி இருவர், ஒரு வெள்ளை வேன். கின்காவின் அண்டா கிடைத்துவிட்டது. எங்கள் தெருவில் மூன்றும் அவர்கள் வேலையாம்.

பெஞ்சில் அதே பேச்சு. லச்செசருக்கு ஒரு போன் செய்து சொல்லலாமா என்று கின்கா இழுத்தாள்.

"என்னன்னு சொல்லுவ? இந்தத் தடவை அவன் இல்ல, அவ்வளவுதான்" என்றார் வர்பான்.

யாரும் போன் செய்யவில்லை. காவலை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் காலை முழுக்க என்ன செய்வது?

டிசம்பர் 2, திங்கள்

முதல் உறைபனி. கிழவி ரொட்டி வண்டிக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் போனாள்.

டிசம்பர் 3

காலை என் முறை. ஒன்பதாம் எண்ணில் நடமாட்டம் இல்லை. எங்கோ டொக் டொக் என்று தட்டும் சத்தம், விட்டு விட்டு. யாரோ கொட்டகையைப் பழுது பார்க்கிறார்கள். தெரு அமைதி.

டிசம்பர் 4

ரொட்டி வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கிழவி வரவில்லை. புகைபோக்கியில் புகையும் இல்லை. விறகை மிச்சம் பிடிக்கிறாள் என்றாள் கின்கா. வீம்பு என்றேன் நான்.

டிசம்பர் 5

காலை என் முறை. மைனஸ் ஆறு. தெரு அமைதி.

டிசம்பர் 6, வெள்ளி, புனித நிக்கோலா நாள்

பண்டிகைக்காகக் கெண்டை மீனுக்குள் அரிசி அடைத்து அடுப்பில் வைத்திருந்தேன். விசில் சத்தம். ஓடினேன்.

ரொட்டி வண்டிக்காரர்தான் உள்ளே போயிருக்கிறார். கதவு பூட்டியே இல்லை. தள்ளியதும் ஏதோ தடுத்ததாம். கிழவி கதவுக்குப் பின்னால் கிடந்தாள். அடுப்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்து, அங்கிருந்து கதவு வரை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். கையில் அடுப்புக் கிளறும் கம்பி. கதவின் உட்புறம், முழங்கால் உயரத்தில், மரம் முழுக்கக் குத்துப் பள்ளங்கள்.

அந்த டொக் டொக்.

திங்கள் சாயங்காலம் விழுந்திருப்பாள் என்றார் டாக்டர். வியாழன் காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கலாமாம். வியாழன் காலை நான் எங்க இருந்தேன்? இருபது அடி. இருபது அடிதான் இருக்கும் அந்த பெஞ்சுக்கும் கதவுக்கும். சூடா டீ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மீன் கரிந்துவிட்டது.

டிசம்பர் 9

அடக்கம். கிழவியின் படம் போட்ட இரங்கல் தாளை லச்செசர் தன் கையாலேயே வேலிக் கதவில் ஒட்டினான். தெரு முழுக்க வந்தது. இறந்தவர் நினைவாகக் கொடுக்கும் வேகவைத்த கோதுமையை எல்லோர் கையிலும் வைத்தான், வர்பானுக்கும் வைத்தான். வர்பான் வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு என் வீட்டுக்கு வந்து நோட்டைக் கேட்டான். தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. மேசை மேலேயே கிடந்தது அது.

நின்றபடியே படித்தான். அந்த நான்கு நாளையும் விரல் வைத்து, மெதுவாக. தட்டும் சத்தம் என்று நான் எழுதியிருந்த வரியில் விரல் நின்றது. நான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

"கூப்பிட்டிருக்கா அத்தை. எழுதி வச்சிருக்கீங்களே" என்றான்.

நோட்டை மூடி, முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். கத்தியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம்.

டிசம்பர் 23

லச்செசர் திரும்பிப் போகவில்லை. அந்த வீட்டிலேயே இருக்கிறான். அந்தக் கதவை மாற்றவும் இல்லை. கின்கா பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்காருகிறாள். முதுகில் வெயில் வேண்டுமாம்.

ஜனவரி 12, ஞாயிறு

முதியோர் சங்கத்தில் கூட்டம். நான்கு மாதமாக ஒரு திருட்டும் இல்லாத தெரு என்று நகராட்சி ஒரு பாராட்டுத் தாள் அனுப்பியிருக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு. கைதட்டினார்கள். கிழவியின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

பிறகு வர்பான் எழுந்தார்.

"முன்னாடி அவனுக்கு நம்ம மேல ஒரு கோபமும் இல்ல. இப்ப இருக்கு. வேலைக்கும் போகாம வீட்டுலயே உக்காந்திருக்கான். எதுக்குன்னு நினைக்கிறீங்க? எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு காவல், காலையிலிருந்து இருட்டும் வரை. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கின்கா தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கும் தூக்கம் வருவதில்லை. கையைத் தூக்கினேன்.

புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். பெயர்களை நானே எழுதினேன். நாளை காலை எட்டு மணி, முதல் முறை என்னுடையது.