வடமாலபேட்டைக்குப் போகும் நாட்கள்

ஆடி 9, புதன்

காலையிலிருந்து ஒரே காற்று. குங்குமத் தட்டு மேல் ஈரத்துணி போட்டும் நிற்கவில்லை. கடை வாசலிலிருந்து அலிபிரிப் பக்கம் பத்தடி தூரம் ரோடே சிவப்பு.

வாங்க வேண்டியது: கற்பூரம், மஞ்சள் கிழங்கு, சாம்பிராணி. எலி மருந்து.

மலைக்கு நடக்க வந்த ஒரு அம்மா, குங்குமத்தை மோந்து பார்த்து, "சுத்தமானதுதானே?" என்று கேட்டாள். தினம் நூறு பேர் கேட்கிற கேள்வி. இன்றைக்கு என்னவோ தலைக்கு ஏறிவிட்டது. "இஷ்டம் இருந்தா வாங்கு, இல்லன்னா நடையக் கட்டு" என்று கத்திப் படிக்கல்லைத் தூக்கி அடித்தேன். அவள் மேல் படவில்லை. தேங்காய்க் கூடை மேல் பட்டது. அப்புறம் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. பதினெட்டு வருஷமாகக் கடை. கடையில் அழுதது இதுதான் முதல் தடவை.

மார்பிலிருந்து நெற்றி வரை அடுப்பு மூட்டின மாதிரி சூடு. ஈரத் துண்டு கழுத்தில். மறுபடி ரத்தம். எட்டு நாள் முன்னால்தான் நோட்டில் புள்ளி வைத்தேன். மத்தியானத்துக்குள் நாலு துணி.

சாப்பிடும்போது அவர்: "நாளைக்கு எங்க?"

"வடமாலபேட்டை. குங்குமம் தீந்துபோச்சு."

எட்டிப் பார்த்தார். இரண்டு டின் நிறைய குங்குமம். மூடியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

ஆடி 10, வியாழன். வடமாலபேட்டை

மங்கம்மா வீட்டுத் தாழ்வாரம். மஞ்சளை எலுமிச்சைச் சாற்றில் ஊறப் போட்டு, காயவைத்து, இடித்து எனக்குக் குங்குமம் தருகிறவள். தாலி அறுத்தவள், தனிக்கட்டை. என்னைப் பார்த்ததும் உலக்கையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏமக்கா, மறுபடியும் வந்துட்ட? நீ வர்ற நாளை வெச்சுத்தான் நான் மஞ்சள் ஊறப் போடறேன். இருவத்தேழு நாள், இருவத்தெட்டு நாள், தப்பினதே கெடையாது. இப்போ எட்டு நாளு, பதினோரு நாளுன்னு வந்துக்கினு இருந்தா இது காய வாணாமா?"

திண்டாடிப் போனேன். வியாபாரம் ஜாஸ்தி என்றேன்.

"ஜாஸ்தியா? போன தபா எடுத்துக்கினு போன மூட்டையே அவுக்கலன்னு வண்டிக்காரன் சொல்றான். அக்கா, எம் முன்னாடி பூசி மெழுகாத. மூணு நாளும் தனிப் பாயில ஏன் படுக்கறன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு வர்றது உன்னுது, எனக்கு வர்றது மஞ்சளு. ஆனா இப்படி ஓயாம வர்றது நல்லதுக்கில்ல. ஆஸ்பத்திரிக்குப் போ."

இத்தனை வருஷமாகத் தெரிந்து வாயைத் திறக்காதவள். வேலையை விட்டு எழுந்து கஞ்சி போட்டுக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

ஊரில் மறுபடியும் எல்லை ரகளை. மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், வீடு வீடாகக் கைநாட்டு வாங்குகிறார்கள். மங்கம்மா இரண்டுக்கும் வைத்துவிட்டாளாம். "வாசல்ல வந்து நிக்கறவங்கள வெறுங்கையா அனுப்பலாமா?"

ஆடி 12, சனி

வீடு. ரத்தம் நிற்கவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இதை ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். சரக்குப் பட்டியல் நோட்டின் பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

நாலாவது குழந்தை செத்துப் பிறந்தபோது மருத்துவச்சி, கர்ப்பப்பை காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் இருக்காது என்றாள். பத்து மாதம் தூரம் வரவில்லை. அவரிடம் சொன்னேன், நின்றுவிட்டது என்று. அப்போது அது பொய்யில்லை. அந்தப் பத்து மாதமும் கடையை ஒரு நாள்கூட மூடவில்லை. அந்த வருஷம்தான் தள்ளுவண்டியிலிருந்து கூரைக் கடைக்கு வந்தேன். பதினோராவது மாதம், வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், ரோடு கொள்ளாத ஜனம், திரும்ப வந்தது. சொல்லவில்லை. குங்குமம் விற்கிறவள் தூரம் என்று சொன்னால் மூன்று நாள் கடை மூட வேண்டும். தூரத்தில் கொள்முதலுக்கும் போக விடமாட்டார்; அதற்கு வேறு மூன்று நாள். ஆறு நாள் மூடினால் எதிர்க்கடைக்காரன் பிழைத்துக்கொள்வான். இரண்டையும் ஒன்றாக்கினேன். தூரம் வந்தால் வடமாலபேட்டை. ரத்தம் பட்ட ஒவ்வொரு நாளும் நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

பதினோரு வருஷம். நல்ல யோசனை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

ஆடி 13, ஞாயிறு

இன்றைக்கு வாயைத் திறந்துவிட்டார். அவர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிறவர். நான் ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸும் அவர் கண்ணுக்கு முன்னால்தான்.

"ஸ்டாண்டுல சிரிக்கிறானுங்க. 'உன் சம்சாரத்துக்கு வடமாலபேட்டையில இன்னா அவ்ளோ ஒட்டுதல்'னு கண்டக்டர் கேக்கறான். நான் இன்னா பதில் சொல்றது?"

"குங்குமம்னு சொல்லு."

"ரெண்டு டின்னு ரொம்பி கெடக்குது. நான் குருடனா? நேரா கேக்கறேன். அங்க எவனாவது கீறானா?"

நாற்பத்தாறு வயதில் எனக்கு. சிரிப்பு வந்தது. சிரித்தேன். அதுதான் தப்பு. முகம் கறுத்துவிட்டது.

"வர்ற ஞாயித்துக்கெழம காணிப்பாக்கம். குளத்துல முழுகி, புள்ளையார் முன்னாடி நின்னு சொல்லு, வியாபாரத்துக்கு மட்டுந்தான் போறேன்னு. சொல்லிட்டா அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன்."

அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்து உருப்பட்டவர் யாருமில்லை. எவன் கடன் வாங்கி இல்லை என்றாலும், "வா காணிப்பாக்கத்துக்கு" என்று நானே இழுத்துப் போயிருக்கிறேன். எல்லோரும் வாசலிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

ஆள் இல்லை என்று சத்தியம் செய்யலாம். வியாபாரத்துக்கு மட்டும் என்று எப்படிச் செய்வது?

ஆடி 17, வியாழன். சித்தூர்

கற்பூரம் வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். லேடி டாக்டர். கண்ணாடி, என்னைவிடச் சின்னவள். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டாள். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டினாள், புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் புள்ளி எல்லாம்?"

"அதுதாங்க."

"பதினோரு வருஷமா?"

நாற்பது தாண்டிய பெண்களுக்கு உடம்பிலும் மனசிலும் என்ன ஆகிறது என்று விசாரித்து எழுதிக்கொண்டு வருகிறாளாம். "தேதி கேட்டா யாருக்கும் தெரியறதில்லம்மா. மாங்கா சீசன்ல, தேர் அன்னிக்குன்னு சொல்வாங்க. இதைக் காப்பி பண்ணிக்கலாமா? பேர் எழுத மாட்டேன்."

சரி என்றேன். இருபது வியாபாரி கேட்டும் நான் சரக்கு எடுக்கும் இடத்தைச் சொன்னதில்லை. இவளுக்கு நோட்டையே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் வேறு கேள்விகள். தூக்கம் வருகிறதா. சூடு ஏறுகிறதா. காரணம் இல்லாமல் கோபம்? அழுகை? படிக்கல் எறிந்ததைச் சொல்லும்போதே அழுதேன்.

"உடம்புல சுரக்கற ஒரு சத்து இந்த வயசுல குறையுது. அதனாலதான் சூடு. கோபமும் அழுகையும்கூட அதோட வரும். பைத்தியம் இல்லம்மா."

பைத்தியம் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது?

"ஆனா இந்த ரத்தம் அப்படி விடற விஷயம் இல்ல. உள்ள சுரண்டி எடுத்துப் பார்க்கணும். தேவைப்பட்டா கர்ப்பப்பையையே எடுக்கணும்."

"கெட்டதா?"

"பார்க்காம சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க."

ஒரு காகிதம் கொடுத்தாள். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். இல்லாமல் கத்தி எடுக்க மாட்டார்களாம். என் உடம்பு, அவர் கையெழுத்து. கடை எடுக்கும்போதும் இதே கதைதான்.

கற்பூரம் வாங்க மறந்துவிட்டேன்.

ஆடி 20, ஞாயிறு. காணிப்பாக்கம்

வெயில் சுள்ளென்று. குளத்துப் படியில் அவர் முதலில் முழுகி எழுந்தார். "இறங்கு."

நான் மேல் படியிலேயே நின்றேன். புடவைக்குள் மூன்று மடிப்புத் துணி.

"இன்னா, பயமா?"

"உள்ள வரக்கூடாது. தூரம்."

"இன்னாது?"

"தூரம். இன்னிக்கு மட்டும் இல்ல. பதினோரு வருஷமா நிக்கவே இல்ல. உன்கிட்ட பொய் சொன்னேன். அந்த நாளுக்குத்தான் வடமாலபேட்டை. மங்கம்மா வீட்டுத் தாழ்வாரத்துல படுத்துக்கினு கெடப்பேன். வேற எவனும் கெடையாது. இப்போ நிக்காம போவுது. சித்தூர் டாக்டரம்மா அறுக்கணும்னு சொல்றாங்க."

ஒரே மூச்சில். நோட்டையும் காகிதத்தையும் படியில் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை; முழுகி ஈரத்தோடு நிற்பவரை நான் தொடக்கூடாது. அவர் எடுக்கவும் இல்லை. பக்கத்துப் படியில் துணி துவைத்த பொம்பளை சோப்பைக் கீழே விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் குனிந்து எடுத்தார். மறுபடி முழுகவில்லை. கோயிலுக்குள்ளும் போகவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். திருப்பதி வரை திரும்பவே இல்லை. நோட்டு அவரிடம்; இதை வேறு காகிதத்தில் எழுதுகிறேன்.

ஆடி 21, திங்கள்

நான் போட்ட காபியைத் தொடவில்லை. தீட்டு என்று நினைத்துக்கொண்டேன். கடை திறந்தேன். வியாபாரம் சுமார். கண் இருட்டிக்கொண்டு வந்தது, இரண்டு தரம் உட்கார்ந்தேன்.

ஆடி 22, செவ்வாய்

மத்தியானம் கடைக்கே வந்தார். ஸ்டாண்டில் இருக்க வேண்டிய நேரம். தேங்காய்க் கூடைமேல் உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

"இந்த ரெண்டு மாசத்துல இருவது புள்ளி."

"பத்தொம்போது. ஒண்ணு ஈ போட்ட கறை."

சிரிக்கவில்லை.

"அந்த டாக்டரம்மாவைப் பாத்து அர மணி நேரம் ஆவறதுக்குள்ள சொல்லிட்ட. எங்கிட்ட பதினோரு வருஷம் ஆச்சு."

"அவங்க கேட்டாங்க."

வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மலைக்குப் போகிற கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு போனது.

"தீட்டுக்காக காபிய விடலடி. அவனுங்க சிரிச்சானுங்க, நானும் நம்பிட்டேன் பாரு. அதுதான் தொண்டையில எறங்கல." அப்புறம், "கெட்டதா இருக்குமா?"

"பாக்காம சொல்ல மாட்டாங்களாம்."

சரக்குப் பட்டியல் எழுதுகிற பென்சிலை எடுத்தார். பென்சில் செல்லாது என்றேன். எதிர்க்கடைக்குப் போய்ப் பேனா கேட்டு வாங்கி வந்தார். எதிர்க்கடைக்கு! பதினெட்டு வருஷத்தில் அவனிடம் நாங்கள் ஒரு தீப்பெட்டி கேட்டதில்லை. மூன்றெழுத்துப் பேரை எழுத அத்தனை நேரம்.

ஆடி 24, வியாழன்

மேகம். ஆறு மணி பஸ்.

எடுத்துக்கொள்ள வேண்டியது: பழைய புடவை இரண்டு, துணி ஒரு மூட்டை, சொம்பு, விபூதி, டாக்டரம்மாவுக்கு நோட்டு. கடைச் சாவி இடுப்பில்.

அவர் லீவு போட்டுவிட்டார். சித்தூருக்கு இரண்டு டிக்கெட் அவரே கிழித்தார். அதே கண்டக்டர்: "இன்னாண்ணா, இந்த தபா ஜோடியா? எங்க?"

"கொள்முதலுக்கு," என்றார் அவர்.

மங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்: இனிமேல் என்னை நம்பி மஞ்சள் ஊறப் போட வேண்டாம்.