இரண்டு பேருக்கான கறி

எப்போதும்வென்றான்
17.2.2025

அன்புள்ள கோமதிக்கு,

சுடலைமாடன் எழுதுவது. வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என் கைதான். நீயும் மகள் செல்வலட்சுமியும் மருமகனும் பேத்தி பிரித்திகாவும் கோவில்பட்டியில் சுகமாக இருக்கிறீர்களா? நான் இங்கே சுகம்.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். சிரிக்காதே.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. கார்த்திகையில் சேர்ந்தேன். டீச்சர் பெயர் பூங்கொடி. எழுபத்தொரு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. பஸ் போர்டை நானே படிக்கிறேன். ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். "தாத்தா, மெசின்ல வெரலை வைங்க, பின்னால ஆளு நிக்கி" என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். பரவாயில்லை.

போனில் கூப்பிட்டால் நீ "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு மகள் கையில் கொடுத்துவிடுகிறாய். பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசையாக என்று போனாய். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். மூன்று வருஷம் ஆயிற்று.

ஒரு விஷயம். டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தேன். எண்ணெய் படாத இடமாகப் பார்த்துப் படித்தேன். நாலு நாள் ஆயிற்று. தலைப்பு என்ன தெரியுமா? "வீட்டிலேயே காதல் விருந்து. இருவருக்கான ஸ்டேக், ஒயின் சாஸுடன்." நான் முதன்முதலாக முழுசாகப் படித்தது இதுதான். கறியைத் துண்டு போடாமல் பலகை மாதிரி வாட்டி, அதே கல்லில் ஒயின் ஊற்றிச் சுண்டவைத்து மேலே விடுவது. மெழுகுவர்த்தி ஏற்றி, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதில் மாட்டுக்கறி. நமக்கு ஆகாது. ஆட்டுத் தொடையில் செய்யப் போகிறேன்.

ஆமாம், நான்தான் சமைக்கப் போகிறேன். நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம். பங்குனி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலீஷ் தேதி மார்ச் 23, மத்தியானம். நீ வர வேண்டும். வந்தால் இருந்துவிடலாம் அல்லவா? நீ இங்கே இருந்த கடைசிக் காலத்தில் உன் சமையலில் உப்பு முன்னே பின்னே ஆகிக்கொண்டிருந்தது. இனிமேல் அந்தக் கவலை இல்லை. நானே உப்புப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்
சுடலைமாடன் (கைநாட்டு இல்லை)


கோவில்பட்டி
25.2.2025

செல்வலட்சுமி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. யாரிடம் எழுதி வாங்கினார் என்று மருமகன் கேட்டார். வரி மேலே மேலே ஏறிப் போவதைப் பார்த்து, அவிய கைதான் என்று சொன்னேன். வரப்பிலும் அப்படித்தான் நடப்பீர்கள். எழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது. கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள்.

எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். நாற்பத்தாறு வருஷம் உங்களுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நான் படித்துச் சொன்னேன். இதை நீங்களே படியுங்கள். எவ்வளவு நாள் ஆனாலும் சரி, டீச்சரிடமோ டீக்கடையிலோ கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். இனி நான் எழுதுவதும் அப்படித்தான்.

விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று வருஷத்தில் ஏன் வரவில்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நான் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் கறி தின்று கை கழுவிவிட்டுக் கட்டிலுக்குப் போவீர்கள். அதற்குப் பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நான் என்ன சாப்பிட்டேன்? நீங்கள் குடியை விட்ட பிறகு உள்ள ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கிறேன். யோசித்து எழுதுங்கள். சரியாக இருந்தால் வந்துவிடுகிறேன். பெட்டியோடு வருகிறேன்.

கோமதியம்மாள்


எப்போதும்வென்றான்
10.3.2025

அன்புள்ள கோமதிக்கு,

இதுவும் ஒரு கேள்வியா? எனக்குத் தெரியாதா? கறிதான் சாப்பிட்டாய். நல்லி எலும்பு என்றால் உனக்கு உயிர். எனக்கு வைத்தது போகச் சட்டியில் கிடந்ததை எடுத்துக்கொள்வாய். ஈரல் உனக்கு ஆகாது. சரிதானே? பெட்டியைக் கட்டு!

இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நேற்று ஒத்திகை பார்த்தேன். சாமித்துரை கறிக்கடைக்குப் போனேன். "பெரியப்பா, துண்டு போடவா?" என்றான்.

"போடாதலே. ரெண்டு விரல் கனத்துக்கு முழுசா ரெண்டு பலகை வேணும்."

"இதை யாரு கடிக்க? ஒமக்கு முன்வாசல்ல பல்லே இல்லியே."

"ஒம் பெரியம்மைக்கு இருக்குலே, நீ அறு."

"பெரியம்மை வாராவளா?" என்று கேட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கும் சந்தோஷம்தான்.

ஒயினுக்கு நாலுவழிச் சாலைக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பயப்படாதே, சமையலுக்கு. பதினோரு வருஷம் கழித்து அந்த வரிசையில் நிற்கிறேன். தங்கச்சாமி பார்த்துவிட்டான். "ஏலே சுடலை, திரும்ப வந்துட்டியா! எடம் போட்டு வச்சிருக்கோம்லே" என்றான். "எனக்கில்லலே, எம் பொண்டாட்டிக்கு" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாட்டிலில் எழுதியிருந்ததை அங்கேயே நின்று படித்தேன். வீட்டுக்குக் கேடு என்று தமிழிலேயே போட்டிருக்கிறது. முப்பது வருஷம் கையில் பிடித்திருந்தேன், எனக்குத் தெரியாது பார்.

தோசைக்கல் காய்ந்ததும் கறியைப் போட்டேன். ஒரு பக்கம் மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறது. மூன்றுதான் வைத்தேன். அச்சில் இருப்பதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. பிறகு கறியை எடுத்து ஐந்து நிமிடம் ஓய்வாக வைக்க வேண்டுமாம். கறிக்கு என்ன களைப்போ. அந்த நேரத்தில் வெண்ணெய், பூண்டு, ஒயின். குப்பென்று புகை எழும்பியது. பாதியாகச் சுண்டிய பிறகு, "ருசி பார்த்து உப்புச் சேர்க்கவும்" என்று கடைசி வரி. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டேன். புளிப்பும் துவர்ப்பும். உப்புப் பத்தவில்லை. சேர்த்தேன். மறுபடி பார்த்தேன். அருமை. கறிதான் செருப்பு மாதிரி இருந்தது. இருபத்துமூன்றாம் தேதி இன்னும் மெல்லிசாக அறுக்கச் சொல்கிறேன்.

மக்காச்சோளத்தில் பாதியைப் பன்றி தின்றுவிட்டது. அது கிடக்கட்டும். நீ வா.

உன் கணவன்
சுடலைமாடன்


கோவில்பட்டி
18.3.2025

செல்வலட்சுமி அப்பாவுக்கு,

பிரித்திகாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. இப்போது தேவலை. தாத்தா கடிதத்தைக் கொடு என்று வாங்கி, அதில் உள்ள "அ" எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுகிறாள். செல்வலட்சுமி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவதால் பகலில் நானும் பிள்ளையும்தான். வேப்பமரத்துப் பக்கக் கூரை ஓடுகளை மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். போன வருஷமே ஒழுகியதாக மகள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் விவரத்தை மருமகன் விசாரித்துச் சொன்னார். பத்தே கால் மணிக்கு இங்கே ஏறினால் பன்னிரண்டுக்குள் எப்போதும்வென்றானில் இறங்கிவிடலாமாம். "அத்தை, நான் கொண்டாந்து விடட்டுமா?" என்று கேட்டார். நல்ல பிள்ளை.

உங்கள் பதிலைப் படித்தேன். தப்பு.

நீங்கள் குடியை விட்டதற்கு முந்தின வாரம், உங்களை வரப்பிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை உச்சினிமாகாளி கோயிலுக்குப் போனேன். "தாயே, இவிய அதைத் தொடாம இருக்கட்டும். இவிய தொடாத வரைக்கும் நான் கறியத் தொட மாட்டேன்" என்று வேண்டுதல் வைத்தேன். டாக்டர் சொன்னதால் குடியை விட்டதாக ஊரெல்லாம் சொன்னீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள் என்று இருந்தேன். வேண்டுதலைச் சொல்லிக் காட்டக் கூடாது.

பதினோரு வருஷமாக என் வாயில் கறி பட்டதில்லை. அதில் எட்டு வருஷம் உங்கள் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உங்களுக்குக் கறி வைத்தேன். நான் என்ன தின்றேன் என்று நீங்கள் ஒரு நாளும் பார்க்கவில்லை.

குழம்பை நாக்கில் விடக் கூடாது. அதனால் கொதிக்கிற வாசத்தை வைத்து உப்புப் போட்டேன். சில நாள் சரியாக இருக்கும். சில நாள் கூடிவிடும். "நாக்குச் செத்துப்போச்சா ஒனக்கு" என்பீர்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தள்ளிவிட்டு, "இதை நாய் திங்குமாட்டி?" என்று கேட்டீர்கள். கேட்டது ஞாபகம் இருக்கிறதா? தரையெல்லாம் குழம்பு. வழித்து எடுக்கும்போதுகூட விரலை வாயில் வைக்கவில்லை நான். மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். மகளுக்கு ஒத்தாசை என்று சொன்னது உங்கள் மானத்துக்காக.

எம் பொண்டாட்டிக்கு என்று அந்த வரிசையில் நின்று சொன்னீர்களே. எனக்கு அதையா வாங்குவீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. சமைக்க வேண்டாம்.

கோமதியம்மாள்


எப்போதும்வென்றான்
24.3.2025

கோமதிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நீ சொன்னபடி யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு வரிதான் எனக்கு ஓடுகிறது. சனிக்கிழமை முடிய முதல் பக்கம் படித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், ஓடு, பிறகு பத்தே கால் மணி பஸ். பஸ் வந்ததும் மனசு துள்ளிவிட்டது. நீ வருகிறாய் என்றே நினைத்தேன். அடுத்த பக்கத்தை நீ வந்த பிறகு உன் முன்னால் படித்துக் காட்டலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். பஸ் வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். அடுத்த பஸ்ஸும் பார்த்தேன்.

வீட்டில் எல்லாம் தயார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு இரவல் வாங்கி, உன் பச்சைச் சேலையை மடித்து விரித்திருந்தேன். இரண்டு தட்டு. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை, சொம்புக்குள் வைத்தேன். இந்தத் தடவை கறி நன்றாக வெந்திருந்தது. உனக்குப் பெரிய பலகையாக வைத்தேன். எதிரே உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். "தப்பு" என்பதை உடனே படித்துவிட்டேன். சின்ன வார்த்தை. "வேண்டுதல்" நாலு தடவை எழுத்துக் கூட்டினேன். அன்றைக்கு வரிக்கணக்குப் பார்க்காமல் விடாமல் படித்தேன். முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கறி விறைத்துவிட்டது. நான் சாப்பிடவில்லை.

நாய் திங்குமா என்று கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். ஆனால் கேட்டிருப்பேன்.

அந்த ஒயினைத் தெரியாமல்தான் நாக்கில் விட்டேன். கடைசி வரியில் அப்படிப் போட்டிருந்தது. மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். நம்பு. அம்மன் கோயிலுக்கு நானும் வருகிறேன், தப்புக்கு என்ன உண்டோ கட்டுவோம்.

நீ வைத்த கேள்விக்கு எனக்கு இப்போதும் பதில் தெரியவில்லை. அதனால் நான் உன்னிடமே கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்ன சாப்பிட்டாய்?

சொல்லு. அதையே ஆக்கி வைக்கிறேன். நீ வா.

சுடலைமாடன்


கோவில்பட்டி
31.3.2025

செல்வலட்சுமி அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். பழைய சோறு, மோர், அடுப்பில் சுட்ட மிளகாய் வத்தல். எட்டு வருஷமும் அதுதான். ஆக்கி வைக்க அதில் ஒன்றும் இல்லை.

மிச்சத்தைக் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது தேடிப் பார்க்கிறேன், அதுவும் இல்லை.

அம்மனுக்குக் கட்ட வேண்டியது ஒன்றும் கிடையாது. நீங்கள் தொடாத வரைக்கும் என்றுதான் நான் சொன்னேன். நீங்கள் தொட்டுவிட்டீர்கள். உங்களுக்காக நான் வைத்தது அதோடு முடிந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செல்வலட்சுமி ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் என்னை உட்காரவைத்து, சட்டியிலிருந்து முதல் கரண்டியை என் தட்டில் விட்டாள். நல்லி எலும்பு ஒன்றும் இரண்டு துண்டும். மருமகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சூடாகச் சாப்பிட்டேன்.

நான் அங்கே வரமாட்டேன். பெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். பச்சைச் சேலையை யாருக்காவது கொடுங்கள். வகுப்பை விட்டுவிடாதீர்கள், எழுத்து நன்றாக வருகிறது. எனக்கு எழுத வேண்டாம்.

உப்பு சரியாக இருந்தது.

கோமதியம்மாள்