கார்டில் எழுதாத காய்ச்சல்

அடி அண்ணாமலை
28-9-1980

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். கை இன்னும் பழகவில்லை. ஆனால் இது முழுக்க என் கையெழுத்துத்தான். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. கடிதம் எப்போதும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று முதியோர் வகுப்பில் கோதண்டராமன் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததால் எழுதுகிறேன்: நான் இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஜட்கா வண்டி ஓட்டும் ஜானி பாஷாவும் என் வகுப்புத்தான். நான் ஒரு வரி எழுதுவதற்குள் அவன் பீடி குடித்துவிட்டு வந்துவிடுகிறான். “அண்ணே, நீங்க முடிக்கறதுக்குள்ள பாப்பா ரிட்டயர் ஆயிடும்”னு கிண்டல் செய்கிறான்.

உங்கள் ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்துகொண்ட பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை, பிள்ளையோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். நீங்கள் கொடுத்து அனுப்பிய கார்டை நான்தான் எழுதித் தபாலில் போட்டேன். பிறருக்காக நான் எழுதிய முதல் கார்டு அது. பெட்டியில் போடும்போது தெருவே நின்று பார்த்தது.

கார்த்திகை தீபத்துக்கு வருவாய் அல்லவா?

அப்பா கண்ணாயிரம்


சென்னை
4-10-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நர்ஸ் விடுதியில் எல்லோரிடமும் காட்டினேன். அழுததற்காக என்னைக் கேலி செய்தார்கள்.

பாஞ்சாலையின் கார்டு வந்தது. உங்கள் எழுத்து என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்தக் கார்டு எதற்கு என்று சொல்கிறேன். சிசேரியன் செய்த தாய்மார்களில் பலருக்குப் பிறகு காய்ச்சல் வருகிறது, தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கிறது. கத்தி வைப்பதற்கு முன்பே ஒரு ஊசி போட்டால் அதைத் தடுக்கலாமா என்று எங்கள் பெரிய டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறார். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு முன்னால் ஊசி. மீதிப் பேருக்கு வழக்கம்போலப் பிறகு. வீட்டுக்குப் போனபின் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதத்தான் கார்டு.

ஒன்றுதான் புரியவில்லை. வார்டில் இருக்கும்போது காய்ச்சலில் விழுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குப் போனவர்களோ எல்லாருமே ‘நலம்’. ஊசியை முன்னால் போடுவது நல்லதா, பிறகு போடுவது நல்லதா என்றே சொல்ல முடியாமல் டாக்டரம்மா தவிக்கிறார்.

தீபத்துக்கு லீவு கிடைக்காது. வருத்தப்படாதீர்கள்.

ஆதிலட்சுமி


அடி அண்ணாமலை
12-10-1980

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘எல்லாருமே நலம்’ என்ற இடம் வந்ததும் எழுந்து பாஞ்சாலை வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கார்டை எழுதும்போதே அவளுக்கு உடம்பு சரியில்லை. “அடிவயிறு எரியுது மாமா, குளிர் வந்து தூக்கிப் போடுது”ன்னாள். அதை எழுதப் போனபோது அவள் அம்மா தங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூடாத கார்டுண்ணே, போஸ்ட்மேன்லருந்து எல்லாம் படிப்பாங்க. எம்பொண்ணுக்குச் சீழ் வக்கிதுன்னு ஊருக்கே டமாரம் அடிக்கணுமா? நலம்னு போடுங்க.” கடிதம் என்றால் நலம் என்றுதானே இருக்க வேண்டும் என்று நானும் போட்டுவிட்டேன். கையெழுத்து அழகாக வந்ததா என்பதிலேயே என் நினைப்பெல்லாம் இருந்தது.

நேற்று போய்ப் பார்த்தால் அவளுக்கு நினைவே சரியில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் முடியவில்லை. துணியை விலக்கியபோது வாடை அடித்தது. ஜானி பாஷா ஜட்காவைக் கட்டினான். டவுன் ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். ரெண்டு நாள் போகட்டும் என்றார்கள். தங்கம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் டாக்டரம்மாவிடம் சொல்: பாஞ்சாலை நலம் இல்லை. மற்றவர்கள் வீட்டிலும் யாராவது போய்ப் பார்க்கட்டும்.

அப்பா


சென்னை
20-10-1980

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் இதுவரை வந்த கார்டுகளையெல்லாம் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். இனி நர்ஸுகள் வீடு வீடாகப் போய்த் தையலைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பாஞ்சாலைக்கு முன்கூட்டியே ஊசி போட்டிருந்தது. அப்படியும் சீழ் பிடித்தது என்பதை இனி மறைக்காமல் எழுதுவோம். ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்குகிறது.

நம் ஊர்ப் பக்கம் என்னைப் போடச் சொல்லிக் கேட்டேன். செங்கல்பட்டுப் பக்கம்தான் கிடைத்தது. கீழ்பென்னாத்தூருக்கும் அடி அண்ணாமலைக்கும் ஜாஹிரா என்று ஒரு பெண் வருவாள்.

பாஞ்சாலை எப்படி இருக்கிறாள்? உடனே எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நான் இங்கே வந்த நாளிலிருந்து உங்களிடமிருந்து வந்த கடிதம் எல்லாவற்றிலும் ‘நலம்’தான். அதையும் நான் அப்படியே நம்பிவிட்டேன். உண்மையில் எப்படி இருக்கிறீர்கள், அப்பா?

ஆதிலட்சுமி


அடி அண்ணாமலை
2-11-1980

அன்பு மகளுக்கு,

பாஞ்சாலை பிழைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பிள்ளை அவளிடமே பால் குடிக்கிறது. யார் சொல்லியும் எழுதவில்லை, கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நேற்று தங்கம்மாள் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுத்து தெரியாமல் இல்லை.

வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. குந்தி அடுப்பு மூட்ட முடியவில்லை. அதனால் சில நாள் காலையில் ஆக்கியதையே ராத்திரிக்கும் வைத்துக்கொள்கிறேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கம்மி. உன் கடிதங்களைச் சத்தம் போட்டுப் படிக்கிறேன். பாடம் படிக்கிறேன் என்று தெருவில் நினைக்கிறார்கள். பிறரைக் கொண்டு எழுதிய காலத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? எழுதுகிறவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பானே. நீ ஓடிவர வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதவில்லை. அங்கே உன் வேலை பெரிது. பாஞ்சாலையைப் பார்த்த பிறகு அது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

அந்த ஜாஹிராப் பெண் வரும்போது எங்கள் வீட்டுக்கும் வந்து போகச் சொல். இங்கே தையலும் இல்லை, பிள்ளையும் இல்லைதான். இருந்தாலும் எல்லா வீட்டிலும் கேட்கிறதை என்னிடமும் ஒருமுறை கேட்கட்டும். டீ போட்டு வைக்கிறேன்.

வருகிற வாரமும் எழுதுவேன். நீ கேட்டாய் அல்லவா, சொல்ல இன்னும் இருக்கிறது.

அப்பா