நண்டுக் குளிசை

மாமா,

இன்று நம் வீட்டில் நண்டுக் கறி. நீங்கள் போன பிறகு அம்மா அடுப்பில் ஏற்றிய முதல் நண்டு. முருங்கையிலையைப் போட்டு மூடியைத் திறந்ததும் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நீங்கள் சாப்பிட இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். எடுக்கப் போனால் அம்மா விடவில்லை. "வெச்சது இருக்கட்டும் புள்ள" என்றார்.

உங்கள் மாத்திரைகள் கிடந்த குளிசைப் பேணியும் அலுமாரியில் அப்படியே இருந்தது, இன்று காலை வரை. அதைக் கேட்டு ஒருவர் வந்தார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதன்முதல் உங்கள் கால் பெருவிரல் வீங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? சிவந்து பளபளவென்று நின்றது. இடுப்பில் கட்டிய சாரத்தின் கரை பட்டாலே கத்தினீர்கள். தோணியில் ஏற முடியவில்லை. உயர்தரம் பாதியில் விட்டு, கடை வேலையும் விட்டு, தையல் வகுப்பும் விட்டு வீட்டில் சும்மா இருந்தவள் நான் ஒருத்திதான். கிளினிக்குக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நீங்கள் பின்னால் ஏறி, நோகும் காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, குருக்கள்மடம் சந்தி வரைக்கும் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தந்தீர்கள்.

"பள்ளத்தப் பாத்து ஓடு! இது கால், கருவாடு இல்ல!"

"அப்ப நீங்க ஓடுங்க. நான் பின்னால இருந்து கத்துறன்."

யூரிக் அமிலம் கூடி மூட்டில் படிந்திருக்கிறது என்று கிளினிக்கில் டொக்டரம்மா சொன்னார். வீக்கம் வற்ற முதலில் ஒரு மருந்து. அது அடங்கிய பிறகு அலோபியூரினோல் என்றொரு வெள்ளைக் குளிசை. அது நோவை, வலியை அடக்கும் குளிசை இல்லை, அமிலத்தைக் குறைக்கும் குளிசை. நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆரம்பத்தில் நோ திரும்பவும் வரலாம், அதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால் தோலில் சிவப்பாக ஏதும் கிளம்பினால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டினீர்கள். நானும் நம்பினேன்.

தோணித்துறையில் உங்கள் கூட்டாளிகள் வேறு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இந்த நோ நண்டாலும் இறாலாலும் வருவது. ஆகவே குளிசை நண்டுக்கு முறிவு மருந்து. நண்டு தின்றால் போடு, தின்னாவிட்டால் எதற்கு வீணாக்குகிறாய்? வாவி முழுக்க நண்டு கிடக்கிற ஊரில் இந்த வைத்தியம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பெயர்கூட வைத்துவிட்டார்கள்: நண்டுக் குளிசை. நீங்கள் குசினிக்குள் தலையை நீட்டி "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பது பசியில் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்திருந்தோம். கத்தரிக்காய் என்றால் பேணி அலுமாரியிலேயே இருக்கும். நண்டு என்றால் பேணி இறங்கும்.

ஒருநாள் கண்டுபிடித்துவிட்டேன்.

"மாமா, சட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு அந்தக் குளிசைக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் போடக்குள்ள சொல்லிப் போட்டுத்தான் விழுங்குறன்."

சிரித்துவிட்டேன். உங்களோடு சண்டை பிடிக்க முடியாது. நோ மட்டும் போய்ப் போய் வந்தது. அந்தக் குளிசை சரியில்லை என்று நீங்கள் அதைத்தான் திட்டினீர்கள்.

பிறகு காசிம் காக்காவின் கால் வீங்கியது. காத்தான்குடியிலிருந்து வந்து துறையில் நண்டு எடுக்கும் வியாபாரி. சின்ன வயதிலிருந்தே உங்கள் கூட்டாளி, நீங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர். விந்தி விந்தி வந்தவரிடம் உங்கள் குளிசை அட்டையில் பாதியை முறித்துக் கொடுத்தீர்கள். "ஒரே நோ காக்கா, ஒரே குளிசை. நண்டோட போடுங்க." அவர் உங்களைப் போல் சோம்பேறி இல்லை. நண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒழுங்காகப் போட்டார்.

கொஞ்ச நாளில் அவர் மனைவி அழுதுகொண்டு போன் எடுத்தார். காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு, வாய்க்குள் புண். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உங்களை ஏற்றிக்கொண்டு ஓடினேன். வழியில் வண்டியைப் பள்ளத்தில் விழுத்தினேன், நீங்கள் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அங்கே இருந்த டொக்டர் திட்டவில்லை, கேள்விதான் கேட்டார். "அவருக்குச் சிறுநீரகம் பலவீனம். உங்களுக்குத் தெரியுமா? ரத்தம் சோதிச்சுப் பாத்துத்தான் இதைக் குடுக்கிறது, எவ்வளவு எண்டும் ஆளைப் பாத்துத்தான். சில ஆக்களுக்கு இது அறவே ஒத்துவராது. இன்னும் ரெண்டு மூண்டு நாள் போட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பனோ தெரியாது."

நீங்கள் வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தீர்கள். நான் வாங்கி வந்த தேத்தண்ணீர் கையிலேயே ஆறியது. "என்ட கூட்டாளிய நானே கொன்றிருப்பன் புள்ள" என்றீர்கள். அது உண்மை.

காக்கா தேறினார். கண் திறந்து உங்களைப் பார்த்ததும் அவர் சொன்னது: "தம்பி, உன்ட குளிசை நமக்கு ஒத்துவரல்ல. நண்டு மட்டும் கொண்டு வா." நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேணியை எறியப் போனீர்கள். "இது விசம்" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

"அது அவருக்கு விசம். உங்களுக்கு மருந்து. ஆனா நீங்க இன்னும் ஒரு கிழமை ஒழுங்காப் போட்டுப் பாக்கவே இல்ல. எறியுறதெண்டா டொக்டர்ட முன்னால கொண்டுபோய் எறியுங்க. ஏறுங்க வண்டியில."

ஏறினீர்கள். டொக்டரிடம் நண்டுக் கதை முழுவதையும் நீங்களே சொன்னீர்கள், ஒன்றும் மறைக்காமல். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கி வைத்தார். அடுத்த மாதமே விரல் வீங்கியது. நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வரும் எண்டு சொன்னவதானே" என்றீர்கள். நோவுக்குத் தந்த மருந்தையும் போட்டு, இடியப்பம் தின்ற கையோடு வெள்ளைக் குளிசையையும் போட்டு, செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தீர்கள். அன்று கறி நண்டு இல்லை, பருப்பு.

வீக்கங்கள் இடைவெளி விட்டு வந்து, பிறகு வராமலே போயின. நீங்கள் மறுபடி இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசினீர்கள். துறையில் யாராவது காலுக்கு ஒரு குளிசை கேட்டால் உங்கள் பதில் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும். "என்ட காலும் உன்ட காலும் ஒண்டா? போடா டொக்டர்ட்ட! வண்டி இல்லையா? என்ட மருமகள் நிக்கிறாள்!" என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கு வேலை எடுத்துத் தந்துவிட்டீர்கள். எத்தனையோ வேலையை விட்டவள், இதை மட்டும் விடவில்லை. பெட்ரோல் காசு தருகிறார்கள். கிளினிக் நாளில் எனக்கு நிற்க நேரமில்லை.

பிறகு ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து சாய்மனைக் கதிரையில் படுத்த நீங்கள் எழும்பவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள். கால்மாட்டில் இருந்து பார்த்தேன். போகும்போது உங்கள் இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன, மாமா. அது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்று காலை வந்தவர் பக்கத்து வளவு நல்லதம்பி அண்ணன். விந்திக்கொண்டு வந்தார். "மாமாட குளிசை சும்மாதானே கிடக்கு. வீணாப் போகாம ஒண்டு தா புள்ள."

பேணியை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். பேணியை என் பைக்குள் போட்டுக்கொண்டு தலைக்கவசத்தை அவர் கையில் வைத்தேன். "இது கிளினிக்குக்குத் திரும்பப் போகுது. நீங்களும்தான். ஏறுங்க."

காக்கா வந்து நண்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது வேறு குளிசை, அவரைச் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது. "ஏறு தம்பி, ஏறு. அவன்ட மருமகளோட கதைச்சி வெல்ல ஏலாது" என்றார்.

நல்லதம்பி அண்ணன் ஏறி, நோகும் காலை ஒரு பக்கம் நீட்டினார். சந்தி தாண்டவில்லை, பின்னால் இருந்து சத்தம் வந்தது.

"பள்ளத்தப் பாத்து ஓடு புள்ள!"

சிரிப்பு வந்துவிட்டது, மாமா. வண்டியை மெதுவாக்கினேன்.