டிஸ்க் இல்லை என்கிறது

அன்புள்ள அப்பாவுக்கு, யுவஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறார்களா? நொய்டாவில் நான் நலம். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அறுபது பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடும் வேலை எனக்கு. போடப் போனால் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்கிறது. கழற்றிப் பார்த்தேன், டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது. சிரிப்புத்தான் வந்தது. கேபிளை மாற்றி, கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் பயாஸ் திரையில் செட்டிங்கை மாற்றியதும் டிஸ்க் தெரிந்தது. இப்போது வைஃபை கார்டு தெரியவில்லை. இந்தக் கார்டுக்கு லினக்ஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளே கிடையாதாம். வேறு கார்டு வாங்கித் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம். இன்னும் ஒன்று முயன்று பார்க்கலாம் என்றே பதினொரு நாள் போய்விட்டது.

எருமப்பட்டியில் ஒருவர் தோட்டத்தில் நீங்கள் போர் போட்டபோது ஆயிரத்து இருநூறு அடியிலும் வெறும் புழுதிதான் வந்தது. "இன்னும் பத்தடி போடுங்க" என்று தோட்டக்காரர் கெஞ்சினார். "போதுமுங்க சாமி, இதுல தண்ணி இல்லீங்க" என்று சொல்லி ரிக் வண்டியை நிறுத்தினீர்கள்.

உங்கள் டூல் பெட்டியிலுள்ள சின்ன ஸ்க்ரூடிரைவரை அனுப்புங்கள். இங்கே கடையிலும் கிடைக்கும்தான். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. முடிந்தால் ஒரு போன் போட்டு, அந்தத் தோட்டக்காரரிடம் சொன்னதை எனக்கும் சொல்லிவிடுங்கள்.

யுவஸ்ரீ