சின்ன வேன் இழுக்க லெட்சுமி மலையிறங்கிய நாள்

இன்று காலை நம் வீட்டுக்கு எதிரே ஒரு லொறி வந்து நின்றது. மலையிறங்கி வந்த லொறி. பிரேக் கருகிய வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீங்கள் போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம்.

மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு கரவனெல்லைப் பக்கம் இந்த வீட்டுக்கு நாம் குடிவந்தபோது, சட்டி பானையெல்லாம் உங்கள் வேனிலேயே வந்துவிட்டன. லெட்சுமிதான் மிச்சம். நிறைசினை மாடு, அவ்வளவு தூரம் நடக்காது. மழையில் தோட்டத்துப் பாலம் சேதமாகி, வேன் போகலாம், லொறி மேலே ஏற முடியாது என்றிருந்தது. விற்றுவிட்டு வரச் சொன்னார்கள் எல்லோரும். நான் அழுதேன். நீங்கள் தெரணியகலைக்குப் போய், கராஜ் பாஸிடம் ஒரு ட்ரெய்லரைக் கேட்டு வாங்கி வந்தீர்கள்.

"மல்லி, என்ஜின் பொடி. பரிஸ்ஸமெங்" என்று அவர் சிங்களத்தில் சொன்னாராம். தம்பி, என்ஜின் சின்னது, கவனம் என்று. அதைக் கேட்டதும் உங்கள் சின்ன வேனைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"வேன் இழுத்துருமாங்க?"

"இழுத்துரும் புள்ள. இழுக்கிறது பிரச்சின இல்ல, நிப்பாட்டுறதுதான். இந்த ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கெடையாது."

முதல்நாள் வெறும் ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு லயத்து ரோட்டில் ஏறி இறங்கிப் பழகினீர்கள். கொக்கி கழன்றாலும் ட்ரெய்லர் ஓடிவிடாதபடி ஒரு சங்கிலியையும் சேர்த்துப் பூட்டினீர்கள். மறுநாள் லெட்சுமியை ஏற்றி, அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி இரண்டு பக்கமும் கயிறு கட்டினீர்கள். "பின்னுக்குப் போனா ட்ரெய்லர் வால ஆட்டும்" என்றீர்கள்.

ஏற்றத்தில் வேன் முக்கி முனகி ஏறியது. சூடு ஏற ஏற, சமதரையாகப் பார்த்து நிறுத்தி ஆறவிட்டீர்கள். இறக்கம் தொடங்கியதும்தான் அது நடந்தது. ஒரு பக்கக் கயிறு நெகிழ்ந்து லெட்சுமி பின்னால் நகர்ந்துவிட்டாள். ட்ரெய்லர் இடமும் வலமும் அலைந்தது. வேனின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுக்குவது போலிருந்தது. ஒரு பக்கம் இறப்பர் மரங்கள், மறுபக்கம் பள்ளம்.

"பிரேக்கப் போடுங்க!" என்று கத்தினேன்.

நீங்கள் போடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடியே இருந்தீர்கள். வேகம் தானாகக் குறைய, ஆட்டமும் நின்றது. அப்புறம்தான் மெல்ல நிறுத்தினீர்கள். இறங்கி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, எதிரே இருந்த செங்குத்தான வளைவைப் பார்த்தீர்கள்.

"நீ முன்னுக்கு நடந்து போ. வளைவுல நின்னு, கீழ இருந்து வர்ற வாகனத்த நிப்பாட்டு. ரோட்டுல நிக்காத, மேட்டுல ஏறி நில்லு."

"ஒங்கள தனியா விட மாட்டேன்."

"நீ பக்கத்துல இருந்தா எனக்குக் கை ஓடாது புள்ள. போ."

போனேன். மேட்டில் ஏறி நின்ற கொஞ்ச நேரத்தில் கீழிருந்து பஸ் வந்தது. துண்டை வீசி வீசிக் காட்டினேன். டிரைவர் தலையை நீட்டி, "மொகத நங்கி?" என்றார், என்ன தங்கச்சி என்று. என்ன சொல்வதென்று தெரியாமல், "ஹரக்கெக் எனவா!" என்று கத்தினேன். மாடு வருகிறதாம்! பஸ்ஸே சிரித்தது. ஆனால் டிரைவர் ஓரங்கட்டினார்.

முதல் கியரில் என்ஜின் அலற, நடை வேகத்தில் நீங்கள் இறங்கி வந்தீர்கள். சிரித்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். லெட்சுமி மட்டும் ஒன்றும் நடக்காதது போல அசைபோட்டுக்கொண்டு போனாள். வளைவு தாண்டி, சமதரையில் வேன் நின்றது. ஓடி வந்து கதவைத் திறந்தேன். உங்கள் விரல்கள் ஸ்டீயரிங்கை விடவேயில்லை.

"புள்ள, இந்தக் கையக் கொஞ்சம் எடுத்து விடு. நா ரொம்பப் பயந்துட்டேன்."

ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன். பிறகு இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாக இருந்தோம். அதே வாரத்தில் லெட்சுமி இந்த வீட்டுப் பின்புறத்தில் கன்று போட்டாள்.

அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் வேன் ஓட்டினீர்கள்! நீங்கள் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் அந்த ரோடு உங்களை வாங்கிக்கொள்ளும் என்றே நினைத்திருந்தேன். வாங்கவில்லை. நம் கட்டிலில், என் கை உங்கள் நெற்றியில் இருக்க, தூங்குவது போலப் போனீர்கள். அழுகைக்கு நடுவிலும் அந்த நிம்மதி எனக்கு இருந்தது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் எனக்குக் கண் ஒப்பரேஷன். முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். அன்று வேனில் நீங்கள் சொன்ன மாதிரியே நானும் சொன்னேன்: "மிஸ்ஸி, ரொம்பப் பயமா இருக்கு. என் கையக் கொஞ்சம் பிடிச்சிக்கிறீங்களா?" அந்த நர்ஸ் பிள்ளை முடியும்வரை கையை விடவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது. சுவரில் இருக்கும் படத்தில் உங்கள் மீசையில் இருக்கும் நரைகூடத் தெரிகிறது.