உங்கள் புகை இல்லையாம்

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று மகள் போனில் சொன்னாள். ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிகரெட் வாடையே ஆகாத உனக்கா? என்னால்தான். அந்த இரண்டு அறை வீட்டில் பத்தொன்பது வருஷம் ஊதித் தள்ளியவன் நான். நாம் பிரிந்து ஆறு வருஷமானாலும் பாவம் என்னுடையது.

சனிக்கிழமை வருகிறேன். திங்களன்றே கீமோவை ஆரம்பிக்கச் சொல்லி உன் டாக்டரிடம் பேசிவிட்டேன்.

அச்சுக்காரன்

மார்ச் 7

மகளின் அப்பாவுக்கு,

டாக்டரிடம் பேச உங்களை யார் கேட்டார்கள்? என் டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் போய், "இனிமே அவ வேலைக்கு வரமாட்டா"ன்னு சொல்லிவிட்டு வந்தவர்தானே நீங்கள். அதற்காகத்தான் உங்களை வெளியே போகச் சொன்னேன். புகைக்காக இல்லை.

நானே டாக்டரிடம் கேட்டேன். "எந்த மருந்து எனக்குக் கேக்கும்னு பாக்க டெஸ்ட் ஏதும் இல்லையா?"

"இருக்கும்மா. கட்டியில இருந்து எடுத்த சதையில மரபணு மாறியிருக்கான்னு பாக்கலாம். ரெண்டு வாரமாவது ஆகும். அதான் கீமோவ ஆரம்பிச்சுடலாம்னு..."

"காத்திருந்தா செத்துடுவேனா?"

"உங்க நிலைமைக்குத் தாங்கும்."

"அப்ப அனுப்புங்க."

சனிக்கிழமை வந்தால் கதவு திறக்காது.

கிளட்ச் டீச்சர்
(என்னிடம் வண்டி பழகுகிறவர்கள் வைத்த பெயர். பிடித்திருக்கிறது.)

மார்ச் 22

பிடிவாதக்காரிக்கு,

முதலில் எடுத்த சதை போதவில்லை, மறுபடி ஊசியால் குத்தி எடுத்தார்கள் என்று மகள் சொன்னாள். இன்னும் பத்து நாளா? உயிரோடு விளையாடுகிறாய். ஒரு மனுஷன் இங்கே சோறு இறங்காமல் கிடக்கிறேன். சிகரெட்டை விட்டுப் பதினெட்டு நாளாயிற்று. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, எப்போதோ விட்டிருக்க வேண்டியது.

அச்சுக்காரன்

ஜூன் 11

மகளின் அப்பாவுக்கு,

அதற்குப் பிறகு நீங்கள் போட்ட மூன்று கடிதமும் வந்தன. ஸ்கேன் எடுத்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

டெஸ்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. அதற்கென்றே மாத்திரை இருக்கிறது. தினம் ஒன்று. முகமெல்லாம் பரு, பதினாறு வயதுக்காரி தோற்றாள். நகக்கண் வெடித்து எரிகிறது, வயிறு சொன்னபடி கேட்பதில்லை. ஆனால் கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது இல்லை.

உங்களுக்காக ஒன்று கேட்டேன். "இது அவரு ஊதின புகையாலயா டாக்டர்?"

"அடுத்தவங்க புகை யாருக்கும் நல்லதில்லம்மா. ஆனா இந்த மாற்றம் சிகரெட்டே பிடிக்காதவங்களுக்குத்தான் அதிகமா வருது. அவர்தான் காரணம்னு என்னால கை காட்ட முடியாது."

ஆகவே அந்தப் பாவத்தை இறக்கி வையுங்கள். என் நோயில் உங்களுக்குப் பங்கு கேட்காதீர்கள்.

கிளட்ச் டீச்சர்

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நிம்மதி வரவில்லை, ஏமாற்றம் வந்தது. என்ன மனுஷன் நான் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் குற்றம் என்றால் அங்கே வர ஒரு காரணம் கிடைக்கும் என்று நம்பியிருக்கிறேன். இப்போது காரணம் எதுவும் இல்லை.

வரலாமா?

அச்சுக்காரன்

ஜூன் 28

அன்புள்ள உங்களுக்கு,

வர வேண்டாம். முதல் தடவையாக என்னைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கோபமில்லாமலே சொல்கிறேன்.

இந்த மாத்திரை எத்தனை நாள் கேட்கும் என்று டாக்டருக்கே தெரியாது. ஒருநாள் நோய் இதையும் ஏமாற்றப் பழகிவிடுமாம். பழகட்டும். மறுபடி டெஸ்ட் கேட்பேன், மறுபடி மல்லுக்கு நிற்பேன். அதுவரை காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கிறேன். நேற்று ஓர் அறுபது வயதுப் பெண்மணி முதன்முதலாகப் பெரிய ரோட்டில் ஏறினார். லாரிக்காரன் ஒருவன் பின்னால் வந்து ஹாரன் அடித்தான். "வழி விடணுமா டீச்சர்?" என்றார். "எதுக்கு? நீங்க உங்க லேன்ல போங்க" என்றேன். சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் காலடியில் இருக்கும் பிரேக்கை நான் தொடவே இல்லை.

கடிதம் போடுங்கள். பதில் எழுதுவேன்.

கிளட்ச் டீச்சர்